வரி நம்முடையது, வாசல் யாருடையது? சென்னை நூலகமும் அதன் கிளைகளும்

போன மாதம் வடக்குத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழைய ரசீதுகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். காலனிக் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற வேலை. ஆதார், ரேஷன் அட்டை, மின் கட்டணம், வீட்டு வரி என்று எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடை பையில் போட்டு வைத்திருந்த ஆயா ஒருவர், ஒரு ரசீதை எடுத்துக் காட்டிக் கேட்டார்.

"ஏம்பா, ஊட்டு வரி ஒன்னு போட்டிருக்கான், சரி. அதுக்குக் கீழ இன்னொன்னு போட்டிருக்கானே, அது என்னா?"

"அது நூலக வரி ஆயா. நூறு ரூபாய் வீட்டு வரின்னா பத்து ரூபாய் நூலகத்துக்கு."

"புத்தகம் வச்சிருக்கிற எடமா?"

"ஆமாம் ஆயா."

"நான் எந்தக் காலத்துல அங்க போனேன்? எதுக்கு எங்கிட்ட வாங்குறான்?"

எங்களிடம் உடனடியாகப் பதில் இல்லை. சமூகவியல் படித்தோம், தீண்டாமை பற்றிக் கூட்டங்களில் பேசுகிறோம், தேநீர்க்கடை, கோயில், சுடுகாடு, குளம் என்று பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலில் நூலகத்தை ஒருநாளும் எழுதியதில்லை. ஆயாவின் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். அந்தப் பத்து ரூபாய் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, நடுவில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் சென்னை எழும்பூரிலிருந்து தொடங்க வேண்டும்.

எழும்பூரில் ஒரு மாளிகை

இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்ற ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு கல்லூரி நடத்தியது. இந்தியாவை ஆள வருகிற வெள்ளை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் கல்லூரி அது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அது மூடப்பட்டது. அங்கே மிஞ்சிய புத்தகங்களில் ஒரு பகுதி சென்னைக்குக் கப்பலேறி வந்தது. அப்போது சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல், 1860-களின் தொடக்கத்தில் அவற்றை வைத்து அருங்காட்சியகத்தோடு ஒட்டி ஒரு சிறிய நூலகத்தை அமைத்தார். சென்னையின் பொது நூலகத்துக்கு அதுதான் விதை. ஆளுகிறவர்களின் கல்லூரியில் மிச்சமானது, ஆளப்படுகிறவர்களின் நகரத்தில் நூலகமானது.

1890 மார்ச் 22 அன்று ஆளுநர் கன்னிமரா பிரபு அதற்குத் தனிக் கட்டடம் கட்ட அடிக்கல் நாட்டினார். ஹென்றி இர்வின் வரைந்த கட்டடம். நம்பெருமாள் செட்டி கட்டினார். வண்ணக் கண்ணாடிகள், செதுக்கிய தேக்கு, உயர்ந்த வளைவுக் கூரை. 1896 டிசம்பர் 5 அன்று ஆளுநர் ஆர்தர் ஹாவ்லக் காலத்தில் திறக்கப்பட்டது. பெயர், கன்னிமரா பொது நூலகம்.

'பொது' என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பும் சென்னையில் நூலகம் இருந்தது. 1812-ல் தொடங்கிய சென்னை இலக்கியச் சங்கம் பெரிய நூல் சேகரிப்பு வைத்திருந்தது. ஆனால் அது உறுப்பினர்களுக்கான சங்கம். கன்னிமரா அப்படியல்ல, பலகையிலேயே 'பொது' என்று எழுதிக்கொண்டது. ஆனால் 1896-ல் சென்னையில் பொது என்பது யார்? பொதுச் சாலையில் நாம் நடக்க முடியாது. பொதுக் கிணற்றில் நீர் எடுக்க முடியாது. பொதுச் சத்திரத்தில் படுக்க முடியாது. 'பொது' என்று பெயர் வைத்த ஒவ்வொன்றும் நம்மைத் தவிர்த்த மற்றவர்களுக்கானதாக இருந்த காலம் அது. நூலகத்துக்குத் தனியாகத் தடைப் பலகை எதுவும் மாட்டத் தேவையில்லை. படிக்கவிடாமல் வைத்திருந்தாலே போதும்.

அதே ஆறு ஆண்டுகளில் நாம்

அடிக்கல் நாட்டிய 1890-க்கும் திறப்பு விழா நடந்த 1896-க்கும் நடுவே நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த ஆறு ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள் தோழர்களே.

1891 டிசம்பரில் நீலகிரியில் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். கல்வியும் வேலையும் பொதுக் கிணறு, குளங்களில் உரிமையும் அங்கே தீர்மானங்களாக எழுதப்பட்டன. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் பஞ்சமி நில அரசாணை வந்தது. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து, சென்னையில் அச்சடித்து, சென்னையில் விற்றார். 1894-ல் அடையாறில் ஆல்காட் பஞ்சமர் பள்ளி திறந்தது.

எழும்பூரில் தேக்குமரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், சில மைல் தூரத்தில் நம் தாத்தாக்கள் அச்சு எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். 'தலித்துகளுக்கு அப்போது படிப்பு வாசனையே கிடையாது, அதனால் நூலகத்தில் அவர்களுக்கு என்ன வேலை' என்று யாராவது சொன்னால் இந்த வரிசையைச் சொல்லுங்கள். 'பறையன்' முதல் பத்திரிகையும் அல்ல. 1869-ல் 'சூரியோதயம்', 1871-ல் 'பஞ்சமன்', 1885-ல் ஜான் ரத்தினமும் அயோத்திதாசரும் நடத்திய 'திராவிட பாண்டியன்' என்று அதற்கு முன்பே ஒரு வரிசை உண்டு. 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' ராயப்பேட்டையிலிருந்து வந்தது. பெயரிலேயே விலை இருந்தது. ஒரு பைசா வைத்திருக்கிறவர் வாசிக்கலாம்.

அயோத்திதாசர் சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள், நாலடியார் ஏடுகளை அவர் மூலமாக எல்லிஸ் துரையிடம் சேர்த்ததாகவும், அவை பிறகு அச்சேறியதாகவும் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். திருக்குறள் முதன்முதலாக அச்சான ஆண்டு 1812. சென்னை இலக்கியச் சங்கம் பிறந்த அதே ஆண்டு. நகரத்தில் துரைமார்களின் நூலகம் தொடங்கிய ஆண்டில், ஒரு பட்லரின் வீட்டுப் பரணில் ஏட்டுச் சுவடிகள் இருந்தன என்பதுதான் அவர் நமக்குத் தரும் சித்திரம்.

அலமாரியில் இல்லாதவர்கள்

இந்தப் பத்திரிகைகளை எல்லாம் இன்று எங்கே போய்ப் படிக்கலாம்?

பலவற்றின் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. அப்படி ஒரு பத்திரிகை இருந்தது என்பதையே வெள்ளை அரசு தன் கண்காணிப்புக்காகத் தயாரித்த சுதேசிப் பத்திரிகைகள் பற்றிய அறிக்கைகளிலிருந்துதான் ஆய்வாளர்கள் தேடி எடுத்தார்கள். நம் பத்திரிகையை நூலகம் வைத்திருக்கவில்லை, உளவு பார்த்த அரசின் குறிப்பேடு வைத்திருந்தது.

'தமிழன்' எப்படிப் பிழைத்தது? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்த இதழ்களைத் தேடிச் சேர்த்துத் தங்கள் வீட்டில் பாதுகாத்ததால் பிழைத்தது. அப்படிக் காப்பாற்றப்பட்டவற்றிலிருந்துதான் 1999-ல் ஞான. அலோய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வழியாக வந்தன. நீங்களும் நாங்களும் இன்று மேடையில் அயோத்திதாசரைப் பேச முடிகிறதென்றால், யாரோ ஒருவர் தம் வீட்டு அலமாரியில் கரையான் ஏறாமல் பார்த்துக்கொண்டார் என்பதுதான் காரணம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1867-ன் அச்சகச் சட்டப்படியே அச்சடிக்கும் நூலின் படிகளை அரசுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1954-ல் வந்த நூல் வழங்கல் சட்டத்துக்குப் பிறகு, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி பெறும் நான்கு நூலகங்களில் கன்னிமராவும் ஒன்று. கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை ஏசியாட்டிக் சங்க நூலகம், தில்லி பொது நூலகம் மற்ற மூன்று. இன்று நீங்கள் ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தாலும் அதற்கு அங்கே இடம் உண்டு. இது நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. கவிதைத் தொகுப்பு போடுகிறோம், நினைவு மலர் போடுகிறோம், நண்பர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறோம். ஐம்பது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் மறுபடியும் போலீஸ் குறிப்பில்தான் நம்மைத் தேட வேண்டுமா?

அரையணா

இப்போது ஆயாவின் ரசீதுக்கு வருவோம்.

1924 ஜனவரியில் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். கணக்குப் பேராசிரியர். லண்டன் போய் நூலகத்துறை படித்துத் திரும்பியவர், 1928-ல் சென்னை நூலகச் சங்கத்தை உருவாக்கினார். நூலகம் என்பது புத்தகத்தைப் பூட்டி வைக்கும் இடமல்ல, ஒவ்வொருவரையும் தேடிப் போக வேண்டிய ஒன்று என்பது அவருடைய வாதம். 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வண்டி வந்தது நல்ல விஷயம். ஆனால் நம் ஊர்களில் தேரும் வண்டிதான், சாமியும் தெருத்தெருவாகத்தான் வருகிறது. எந்தத் தெரு வரைக்கும் வந்து திரும்புகிறது என்பதுதான் நம் கேள்வி.

ரங்கநாதன் பதவியேற்ற அதே 1924-ல், சென்னை சட்டமன்றத்தில் ஆர். வீரையன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, அரசு அலுவலகம், கிணறு, குளம், பொது இடம் எதிலும் எந்த வகுப்பாரும் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். நிறைவேறியது, அரசாணையும் வந்தது. பிறகு 1938-ல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சமூக உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. நூலக வரலாறு எழுதுகிறவர்கள் ரங்கநாதனை எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் நூலகத்துக்குப் போகிற சாலையில் நாம் நடக்கலாம் என்று ஆக்கியவர்கள் வீரையனும் ராஜாவும். அவர்கள் இல்லாமல் நமக்கு ரங்கநாதனால் பயன் இல்லை. இரண்டு வரலாறும் ஒன்றாக எழுதப்பட வேண்டியவை.

நூலகத்துக்கென்று சட்டம் வேண்டும் என்று 1933-லேயே பஷீர் அகமது சயீத் சென்னை சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அது நடக்கவில்லை. கடைசியில் 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் இதுதான். 1950 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கன்னிமரா மாநில மைய நூலகமானது.

அந்தச் சட்டத்தின் உயிர் வரியில் இருக்கிறது. சொத்து வரி அல்லது வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு பை, அதாவது அரையணா, நூலகத்துக்கு. பிறகு அது படிப்படியாக உயர்ந்து இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. உள்ளாட்சி அமைப்பு வசூலித்து, மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். யாரோ வள்ளல் புத்தகம் வாங்கிக் கொடுத்து, நாம் கைகட்டி நின்று வாங்கிப் படிக்கிற ஏற்பாடு அல்ல இது. ஓட்டு வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் ஒரே விகிதத்தில் கட்டுகிறார்கள்.

ஆயா, நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் இது. உங்களிடம் வாங்குவது பிச்சைக்காக அல்ல, பங்குக்காக. நீங்கள் அதில் ஒரு பங்குதாரர்.

கிளை என்றால் என்ன?

அந்த வரியை வைத்துத்தான் மரம் கிளை விட்டது. சென்னையில் அண்ணா சாலையில் மாவட்ட மைய நூலகம். இன்று அதற்குத் தேவநேயப் பாவாணர் பெயர். நகரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட கிளை நூலகங்கள். மாநிலம் முழுக்க மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இன்று 4,600-க்கும் மேல். காமராசர் ஆட்சிக் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிகளையும் நூலகங்களையும் ஒருசேரப் பெருக்கினார். 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் சுமார் 12,600 ஊராட்சிகளிலும் ஆளுக்கொரு நூலகக் கட்டடம் கட்டும் வேலை நடந்தது. நாட்டிலேயே இவ்வளவு பரந்த ஏற்பாடு கொண்ட மாநிலங்கள் குறைவு. இதைப் பெருமையாகச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

ஆனால் கிளை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவருவது. இன்னொன்று, பக்கத்தில் வருகிறவரைத் தூரத்தில் நிறுத்துவது. இரண்டாவது பொருளை அமெரிக்கக் கறுப்பின மக்கள் நன்றாக அறிவார்கள்.

1939 ஆகஸ்ட் 21. வர்ஜீனியா மாநிலம், அலெக்சாண்ட்ரியா நகரம். அங்கே பொது நூலகம் வெள்ளையருக்கு மட்டும். சாமுவேல் டக்கர் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் ஐந்து இளைஞர்களைத் தயார் செய்தார். நன்றாக உடுத்தி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுக்கப்பட்டதும், சத்தம் போடாமல் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனித்தனி மேசையில் உட்கார்ந்து வாசித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. நூலகத்தில் உட்கார்ந்து புத்தகம் வாசித்தது குற்றம்!

நகர நிர்வாகம் அதற்கு என்ன தீர்வு கண்டது தெரியுமா? அடுத்த ஆண்டு, 1940-ல், கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒரு கிளை நூலகம் கட்டிக் கொடுத்தது. சின்னக் கட்டடம். டக்கருக்கு அந்தக் கிளையின் உறுப்பினர் அட்டையைத் தர முன்வந்தார்கள். அவர் வாங்க மறுத்துவிட்டார். அவர் கேட்டது ஒரு நூலகத்தை அல்ல, அந்த நூலகத்தை.

தேநீர்க்கடையில் நமக்குத் தனிக் குவளை வைப்பார்கள் இல்லையா? தேநீர் கிடைக்கிறது, தாகம் தீர்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்பார்கள். அலெக்சாண்ட்ரியாவின் கிளை நூலகம் ஓர் இரட்டைக் குவளை. இப்போது நம் ஊர்களைப் பாருங்கள். ஊருக்குள் அரசு நூலகம். சேரியில், நம் பையன்கள் சீட்டுப் பணம் போட்டுக் கட்டிய அம்பேத்கர் மன்றம். அதில் ஒரு பெஞ்சு, ஒரு நாளிதழ், சுவரில் அண்ணலின் படம். மன்றத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. நம்மில் பாதிப் பேர் அங்கேதான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினோம். ஆனால் வரி வாங்கிக் கட்டிய நூலகம் ஊருக்கு, வரி வாங்கியும் நாமே கட்டிக்கொள்ளும் மன்றம் சேரிக்கு என்றால், அதற்கு என்ன பெயர்?

'எந்தத் தெரு?'

எங்கள் குழுவில் நாலைந்து பேர். வெவ்வேறு கிராமங்களிலிருந்து படித்து வந்தவர்கள். ஆயாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு, சின்ன வயதில் நூலகத்துக்குப் போன அனுபவத்தை ஆளாளுக்குச் சொன்னோம். எந்த ஊர், எந்த நூலகம் என்பது இங்கே வேண்டாம். கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

யாரும் எங்களை வெளியே போ என்று சொன்னதில்லை. உள்ளே வா என்றும் சொன்னதில்லை. நூலகம் ஊரின் நடுத்தெருவில், கோயிலுக்குப் பக்கத்தில். அந்தத் தெருவில் எங்கள் அப்பாக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம் ரொம்பப் பழையதல்ல. ஒருவன் உள்ளே போய் உறுப்பினர் ஆக வேண்டும் என்றானாம். முதல் கேள்வி, "எந்தத் தெரு?" தெருவைச் சொன்னான். "வீட்டு வரி ரசீது கொண்டு வா." வீடு இருந்தது புறம்போக்கில். ரசீது ஏது? "அப்ப அரசு வேலையில இருக்கிறவங்க யாருகிட்டயாவது கையெழுத்து வாங்கிட்டு வா." எங்கள் தெருவில் அரசு வேலையில் இருந்தவர் ஒரே ஒருவர், துப்புரவுப் பணியாளர். அவர் கையெழுத்து போதாது என்றார்களாம். அவன் ஆறு வருடம் வாசலோரமாக நின்று நாளிதழ் மட்டும் வாசித்தான். இன்று எங்களோடு இருக்கிறான், முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறான். இன்னொரு தோழி சொன்னாள்: "எங்க ஊர்ல சேரி ஆம்பளைப் பசங்களாவது வாசல்ல நின்னாங்க. நாங்க அந்தத் தெருப் பக்கமே போனதில்ல."

இப்படித்தான் தீண்டாமை நவீனமாகிறது. சாதியைக் கேட்பதில்லை, தெருவைக் கேட்கிறது. தடுப்பதில்லை, ரசீது கேட்கிறது. 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம், இன்றைய குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பணத்தில் நடக்கும் பொது நோக்கமுள்ள இடங்களில் நம்மைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பொது இடங்களில் நுழைவதைத் தடுப்பதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் 'எந்தத் தெரு?' என்ற கேள்வியை எந்தப் பிரிவில் பதிவு செய்வது?

நெய்வேலிக்காரர்களுக்கு இது இன்னொரு விதத்திலும் புரியும். 1956-ல் நிலக்கரி நிறுவனம் உருவானது. அகலச் சாலைகளோடும் மரங்களோடும் திட்டமிட்ட நகரியம் எழுந்தது. வளைவுக்கு வெளியே வடக்குத்து மாதிரியான ஊர்கள். 1998 முதல் நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. நாங்கள் தவறாமல் போகிறோம், எங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறோம். அம்பேத்கர் நூல்களை முதன்முதலில் கையால் தொட்டுப் பார்த்தது அங்கேதான். ஆனால் கண்காட்சிக்குப் பணம் வேண்டும், நூலகத்துக்கு வேண்டாம். கண்காட்சி சில நாள், நூலகம் ஆண்டு முழுவதும். கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பெண் வருடத்தில் ஒரு நாள் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும், ஒவ்வொரு வாரமும் ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதும் ஒன்றல்ல.

எரிந்ததும், திறக்காததும்

நூலகம் என்றதும் தமிழர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை நினைக்கிறோம். 1981 மே 31 இரவு தொடங்கிச் சிங்கள வன்முறையாளர்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஓர் இனத்தின் நினைவை அழிக்க நினைப்பவன் முதலில் நூலகத்துக்குப் போவான் என்பதற்கு அது சாட்சி. அந்தத் துயரம் நம்முடையதும்தான்.

ஆனால் அந்தக் கதையின் இரண்டாம் பாகத்தை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. சீரமைத்த நூலகத்தை 2003 பிப்ரவரியில் திறக்க நாள் குறித்தார்கள். திறக்க வேண்டியவர் மாநகர மேயர் செல்லன் கந்தையன். அவர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். எதிர்ப்பு வந்தது, விழா நின்றது. அவர் பெயர் கல்வெட்டில் வருவதைப் பொறுக்க முடியாமல்தான் நிறுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எதிர்த்தவர்கள் சாதி காரணமல்ல, வேறு காரணங்கள் என்று மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்று இங்கே தீர்ப்பு எழுதவில்லை. தீயில் எல்லோருக்கும் சமமாக எரிந்த ஒரு நூலகத்தின் கதவு முன்னால்கூட அந்தக் கேள்வி எழுந்தது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

சென்னையிலும் நம் கண் முன்னால் ஒன்று நடந்தது. 2010 செப்டம்பர் 15 அன்று கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தது. அடுத்த ஆண்டே, 2011 நவம்பரில், அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. எழுத்தாளர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள், வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் பிழைத்தது. இன்று அங்கே சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனி இடம் உண்டு. காலையில் போனால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கூட்டம். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் அமைதியும் எவ்வளவு பெரிய சொத்து என்று அங்கே போனால் தெரியும். அங்கே யாரும் தெருவைக் கேட்பதில்லை.

பெரிய நூலகத்துக்கு ஆபத்து வந்தால் போராட நகரத்தில் ஆள் உண்டு. ஊராட்சி நூலகம் பூட்டிக் கிடந்தால் யார் கேட்பது? மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய கட்டடங்களில் பல ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததை, சிலவற்றில் சிமெண்ட் மூட்டை அடுக்கியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

அண்ணல் அம்பேத்கர் தாதரில் ராஜகிருஹத்தைக் கட்டியபோது, தம் புத்தகங்களை மனதில் வைத்துத்தான் கட்டினார். நியூயார்க்கிலும் லண்டனிலும் நூலகம் மூடும் வரை உட்கார்ந்து படித்த மனிதர். அந்த நகரங்களின் நூலகங்களில் அவருக்குக் கிடைத்த நாற்காலி, சொந்த நாட்டில் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை. நம் கடலூர் மாவட்டத்திலேயே சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். இவர்கள் நமக்கு நூலகத்தின் வாசல் வரை வழி போட்டுவிட்டார்கள். படியேறுவது நம் வேலை.

முதலில், வீட்டில் இருக்கும் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி எவ்வளவு என்று அம்மா அப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள். இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு மனுப் போடுங்கள். ஐந்து ஆண்டில் எவ்வளவு நூலக வரி வசூல், அதில் எவ்வளவு நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தப்பட்டது? வசூலித்ததை உள்ளாட்சிகள் நிலுவை வைப்பது பழைய நோய். மூன்றாவது, உறுப்பினர் ஆகுங்கள். ஒருவராகப் போக வேண்டாம், பத்துப் பேராகப் போங்கள், அதில் ஐந்து பேர் பெண்களாக இருக்கட்டும். நான்காவது, நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு. உங்கள் ஊரில் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், சேருங்கள். அம்பேத்கர் தொகுதிகளும் அயோத்திதாசரும் இமையமும் பாமாவும் அலமாரியில் இருக்கிறார்களா பாருங்கள், இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

புதிய கட்டடம் வருகிறதென்றால், 'காலனிக்குத் தனியா ஒன்னு கட்டித் தர்றோம்' என்று சொல்வார்கள். அப்போது சாமுவேல் டக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். நூலகம் சேரியிலேயே வரட்டும், நல்லது. ஆனால் அது ஊர் முழுவதற்குமான நூலகமாக வரட்டும். ஊர்ப் பிள்ளைகள் நம் தெருவுக்கு வந்து படிக்கட்டும்.

போன வாரம் அந்த ஆயாவின் பேத்தியையும் இன்னும் எட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உறுப்பினர் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தோம். விண்ணப்பத்தோடு ஆயாவின் ரசீதின் நகலை இணைத்திருந்தோம். திரும்பி வந்து சொன்னபோது ஆயா கேட்டது ஒன்றுதான்.

"எல்லாருக்கும் அட்டை குடுத்தானா?"

"குடுத்துட்டாங்க ஆயா."

"அப்ப நாளைக்கே போய் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. இத்தன வருஷத்துக் காசு அங்க கெடக்குது."

ஜெய்பீம்.